இரண்டு அங்குலத்தில் தீர்ந்த கேள்வி: ஒரு வீட்டுக்குப் பூல் மேசை தேர்ந்தெடுத்த விவரம்

மாமா முதலில் கேட்டது ஸ்னூக்கர் மேசை. மாமா என் அக்காவின் கணவர்; நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். பணி முடிந்த மாலைகளில் ஊழியர் மன்றத்துப் பழைய பன்னிரண்டடி மேசையில் ஆட்டம் கற்றவர். ஸ்னூக்கர் பிறந்தது 1875இல், ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரியின் கையில். அதன் விதிகளை எழுதி மாட்டியது 1882இல், ஊட்டி கிளப்பில். அந்த மலையில் ஆடிப் பழகியவருக்கு வேறு மேசை மேசையாகவே தெரியாது. பணி ஓய்வுக்குப் பிறகு கோவை வடவள்ளிப் பக்கம் வீடு கட்டி, மாடியில் ஒரு பெரிய கூடத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தார்.

பேரப்பிள்ளைகள் இருவரும் கேட்டது பூல். இரண்டுமே துணி விரித்த மேசையில் க்யூ என்ற நீண்ட கோலால் பந்தை அடித்து, ஓரத்திலுள்ள பாக்கெட் என்ற பைகளில் விழவைக்கும் ஆட்டங்கள்; பூலுக்கு மேசை சிறிது. மூத்தவளுக்குப் பதினான்கு வயது, இளையவனுக்குப் பதினொன்று. நான் பதினைந்து ஆண்டுகளாகப் பூல் ஆடுகிறேன். மேசை பொருத்துகிறவர்களோடு நின்று கைவேலையும் ஓரளவு கற்றிருக்கிறேன். அதனால் தேர்வு என்னிடம் வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அதில் எடுத்த முடிவுகளையும், நான் செய்த ஒரு தவற்றையும் முழுமையாக எழுதி வைக்கிறேன். வீட்டுக்கு மேசை வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலோர் தடுமாறுவது இதே இடங்களில்தான்.

ஸ்னூக்கர் ஆசை முதல் நாளே அடங்கியது. முழு அளவு ஸ்னூக்கர் மேசையின் ஆடுபரப்பு 11 அடி 8½ அங்குலம் நீளம், 5 அடி 10 அங்குலம் அகலம். அதைச் சுற்றி க்யூவை இழுத்து அடிக்க 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். துணிக்கு அடியில் படுகையாகக் கிடக்கும் ஐந்து துண்டு ஸ்லேட் கல்லோடு மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் போகும். மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "சரி மாப்பிள்ளை, பூல் மேசையே வாங்குவோம். அதிலேயே ஸ்னூக்கர் பந்தைப் போட்டு ஆடிக்கொள்ளலாம் அல்லவா?"

பல கடைகள் இரண்டு பந்துத் தொகுப்பையும் சேர்த்தே தருவதால் நியாயமான கேள்விதான். ஆனால் பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் பந்து 52.5. குஷனின் மூக்கு, அதாவது பந்து வந்து மோதும் ரப்பர் விளிம்பு, பந்தின் உயரத்தில் ஏறத்தாழ 63.5 விழுக்காட்டில் இருக்க வேண்டும் என்பது பூல் மேசைக்கான விதி. 57 மில்லிமீட்டர் பந்துக்கு அது 36 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதே குஷனில் ஸ்னூக்கர் பந்து மோதினால் அதன் உயரத்தில் 69 விழுக்காட்டில் படுகிறது. ரப்பர் பந்தைத் திருப்பி அனுப்புவதோடு மேலிருந்து துணிக்குள் அழுத்தவும் செய்யும், வேகம் செத்துவிடும். பாக்கெட் வாயும் பெரிது. பூல் மேசையின் மூலைப் பாக்கெட் நாலரை அங்குலம். ஸ்னூக்கரின் அருமையே பந்து விழ மறுப்பதில் இருக்கிறது என்று மாமாவுக்குச் சொல்லத் தேவையில்லை. "அப்படியானால் வேண்டாம். ஒரு மேசையில் ஒரு ஆட்டத்தை ஒழுங்காக ஆடுவோம்" என்றார்.

அறையை அளந்த விதம்

வீட்டு வரைபடத்தில் கூடத்தின் அளவு 17 அடிக்கு 14 அடி. கடைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அட்டவணைப்படி எட்டடி மேசைக்கு 17 அடிக்குப் பதின்மூன்றரை அடி போதும். மாமா வரைபடத்தையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எட்டடி என்று முடிவே செய்துவிட்டார். முன்பணம் கொடுக்கப் போகும் முன் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்.

அளவு நாடாவைப் பூச்சிலிருந்து பூச்சு வரை பிடித்தோம். நீளம் 16 அடி 10 அங்குலம். அகலம் 13 அடி 6 அங்குலம்தான். ஒரு சுவர் முழுக்கத் தொலைக்காட்சிக்காக அடித்த மரப்பலகை இடத்தைத் தின்றிருந்தது. இன்னொரு மூலையில் கான்கிரீட் தூண் ஐந்து அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது ஒரு சிறு கறுப்புப் புள்ளி.

மேசைக்கு இடம் அளப்பது எளிது. ஆடுகிறவருக்கு இடம் அளப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முழு க்யூவின் நீளம் 58 அங்குலம். பந்து குஷனை ஒட்டி நிற்கும்போது க்யூ ஏறக்குறைய முழுவதும் ஆடுபரப்புக்கு வெளியே இருக்கும். ஆகவே ஆடுபரப்போடு இரண்டு பக்கமும் ஒவ்வொரு க்யூவைக் கூட்ட வேண்டும். எட்டடி மேசையின் ஆடுபரப்பு 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். கூட்டினால் நீளவாக்கில் 204, அகலவாக்கில் 160. கூடத்தில் இருந்தது 202-ம் 162-ம். நீளத்தில் இரண்டு அங்குலம் குறை. அகலத்தில் பக்கத்துக்கு ஒரு அங்குலம் மிச்சம்.

"இரண்டு அங்குலம்தானே மாப்பிள்ளை" என்றார் மாமா. கடையிலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் இந்தக் கணக்கில் க்யூ அசையாமல் நிற்கிறது. அடிக்க வேண்டுமானால் கையைப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று, நான்கு அங்குலமாவது வேண்டும். இல்லாவிட்டால் க்யூவின் அடிமுனை சுவரில் இடிக்கும். இடித்துப் பழகியவர்கள் அடியைச் சுருக்கிக்கொள்வார்கள், க்யூவைத் தூக்கிப் பிடிப்பார்கள். முதல் ஆறு மாதத்தில் கையில் ஏறிய அந்தக் கோணல் பிறகு லேசில் போகாது.

ஏழடி மேசை கடைக்குக் கடை சிறிது மாறும். நாங்கள் பார்த்ததன் ஆடுபரப்பு 78-க்கு 39 அங்குலம். இரண்டு க்யூவைக் கூட்டினால் 194, 155. நீளவாக்கில் பக்கத்துக்கு நான்கு அங்குலமும் அகலவாக்கில் மூன்றரையும் மிஞ்சியது.

எண்களைக் காகிதத்தில் காட்டினால் யாருக்கும் மனம் மாறாது. அதனால் அக்காவிடம் கோலமாவு கேட்டேன். தரையில் எட்டடி ஆடுபரப்பை அவளே போட்டாள்; உள்ளே ஏழடியை இன்னொரு கோடாக இழுத்தாள். மேசையின் படுகை தரையிலிருந்து 29¼ முதல் 31 அங்குலம் வரை உயரம் இருக்கும். அதற்கு ஈடாக இரண்டு முக்காலிகளின் மேல் பலகையை வைத்துக் கோட்டில் நிறுத்தினோம். மாமா என் க்யூவை வாங்கிக் குனிந்து நின்றார். எட்டடிக் கோட்டில் முதல் இழுப்பிலேயே அடிமுனை தொலைக்காட்சிப் பலகையில் தட்டியது. ஏழடிக் கோட்டில் கை தாராளமாக வந்துபோனது. அதற்குப் பிறகு எட்டடி என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

எட்டடி மேசை வாங்கி 52 அங்குலக் குட்டை க்யூக்களில் ஆடலாம் என்ற யோசனை ஒன்று உண்டு. கடைக்காரர்கள் தயங்காமல் சொல்வார்கள். நான் அதை முழுமையாக எதிர்த்தேன். ஒரு மூலையில் இக்கட்டுக்குக் குட்டை க்யூ எடுப்பது வேறு. எல்லா அடிக்கும் குட்டை க்யூ என்றால் பிள்ளைகள் வெளியே எந்த மேசையில் நின்றாலும் கை அந்நியப்பட்டுப்போகும். பெரிய மேசையில் அரைகுறை அடியைவிடச் சிறிய மேசையில் முழு அடி மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்தக் கோலம் இன்னும் இரண்டைக் காட்டிக்கொடுத்தது. உள்பக்கம் திறக்கும் கதவு, அடிக்கிறவர் முழங்கையில் வந்து மோதும். தச்சரை அழைத்து வெளிப்பக்கம் திறக்கும்படி கீல் மாற்றினோம். ஊஞ்சல் கொக்கிகள் மேசையின் தலைமாட்டுக்கு நேர் மேலே வந்தன. அந்த ஊஞ்சல் அக்காவின் தாயார் வீட்டுச் சீர். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். மேசை வேண்டுமென்றால் ஊஞ்சலுக்கு முதலில் வழி பார்க்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். கீழே முன்கூடத்தில் புதிதாகக் கொக்கி போட்டு, ஊஞ்சலை மாட்டி, அக்கா அதில் உட்கார்ந்த பிறகே கடைக்குக் கிளம்பினோம்.

தளம் தாங்குமா

மாமாவின் பெரிய பயம் இது. ஸ்லேட் கல் என்றதும் கூரை இறங்கிவிடுமோ என்று அவருக்குத் தூக்கம் கெட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு அங்குலத் தடிப்பு ஸ்லேட் ஏழடி மேசைக்கு 170 கிலோ வரும்; சட்டம், கால்கள், குஷன் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மேசை மூடும் தரைப்பரப்பு மூன்று சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நூறு கிலோ. குடியிருப்பு அறைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது இருநூறு கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும்படி தளத்தைக் கணக்கிடச் சொல்கிறது. ஒவ்வொரு காலிலும் இறங்குவது 75 கிலோ, ஒரு வளர்ந்த ஆளின் எடை. அவர் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி இதைவிடக் கனம். ஆனாலும் வீடு கட்டிய பொறியாளரை அழைத்து உத்திரங்கள் எங்கே போகின்றன என்று காட்டச் சொன்னோம். தேக்கு உத்திரமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியாகவோ, முன்னால் நீட்டிய போர்டிகோவின் மேல் அறையாகவோ இருந்தால் இந்தக் கணக்கை நம்பி இறங்கக் கூடாது. பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு கடைகள்

முதல் கடையில் வைத்திருந்தது செதுக்கிய கால்கள், பளபளக்கும் நிறம், பார்க்க அரண்மனைப் பொருள் போன்ற மேசை. படுகை எம்.டி.எஃப். எனப்படும் அழுத்திய மரத்தூள் பலகை. விலை, மாமா ஒதுக்கிய ஒன்றரை லட்சத்தில் பாதிகூட இல்லை. அவர் கண் அதிலேயே நின்றது. ஒரு பந்தை எடுத்து, நீளவாக்கில் மிக மெதுவாக உருட்டிவிட்டேன். வேகமாக உருட்டினால் எந்த மேசையும் நேராகத்தான் தெரியும். நிற்கப்போகும் கடைசி ஒரு அடியில்தான் உண்மை வெளிப்படும். பந்து அங்கே இடப்பக்கம் வளைந்து நின்றது. திருப்பி உருட்டினேன். இம்முறை வலப்பக்கம், அதே பள்ளத்துக்கு.

காலைத் திருகி மட்டம் சரிசெய்துவிடலாம் என்றார்கள். மேசை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செய்யலாம். நடுவில் தொய்ந்த பலகையைக் கால் திருகாணி நிமிர்த்தாது. நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். மரத்தூள் பலகையில் செய்த கால் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரமே படுகையை அசைக்கப் போதும். பிள்ளைகளுக்கு ஓராண்டு விளையாட்டுப் பொருளாக வேண்டும் என்றால் அந்த மேசை போதும். ஆனால் ஆட்டம் கற்கிற குழந்தை, பந்து தவறியதற்குக் காரணம் தன் கையா மேசையா என்று தெரியாமல் தவிக்கும். அது கற்பவருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாம் கடையில் கால்கள் வெறும் நேர்க்கட்டைகள். ஆனால் உள்ளே ஒரு அங்குல ஸ்லேட், மூன்று துண்டு. போட்டி மேசைகளுக்கு உலகப் பூல்-பில்லியர்ட் சங்கம் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பும் ஒரு அங்குலமே. நான் முழங்காலிட்டு மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இணைப்புகளுக்கு நேர் கீழே குறுக்குச் சட்டங்கள் ஓடின; இல்லாவிட்டால் துண்டுகள் நாளடைவில் படிக்கட்டாக நிற்கும். பிறகு ஒரு பந்தை நீளவாக்கில் அழுத்தமாக அடித்தேன். நல்ல ரப்பரானால் பந்து மேசை நீளத்தைக் குறைந்தது நான்கு முறை கடக்க வேண்டும். கடந்து, ஐந்தாம் பயணத்தின் நடுவில் நின்றது. மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொரு குஷனிலும் பந்தைத் தட்டிக் காது கொடுத்தேன். ஒட்டு விட்டுப்போன ரப்பர் பொக்கென்று ஒலிக்கும். ஆறு குஷன்களும் ஒரே சுரம்.

ஸ்லேட் ஒரே துண்டா, மூன்று துண்டா என்று மாமா கேட்கவே நினைக்கவில்லை. மாடிக்கு ஏற்றும் எவரும் முதலில் கேட்க வேண்டியது அது. ஏழடி மேசைகள் பலவற்றில் ஸ்லேட் ஒரே பலகையாக வரும். 170 கிலோக் கல்லை, மூன்றடி அகலப் படிக்கட்டில், நடுவில் ஒரு திருப்பத்தோடு தூக்கி ஏற்றுவது ஆட்களின் உயிரோடு விளையாடுவது. மூன்று துண்டானால் ஒவ்வொன்றும் 60 கிலோவுக்குள். இரண்டு பேர் மூச்சுவாங்காமல் ஏற்றினார்கள்.

பாக்கெட்டில் விழும் பந்தெல்லாம் குழாய் வழியாக ஒரு தட்டுக்கு வந்து சேரும் அமைப்பு பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. நான் சாதாரண வலைப் பாக்கெட்டுக்கே சொன்னேன். குழாயில் பந்து சிக்கினால் மேசையைத் திறக்க வேண்டும். இரவில் அந்த உருளும் ஓசை கீழ்வீட்டுக் கூரையில் இடிபோலக் கேட்கும்.

துணியில் மாமாவுக்கும் எனக்கும் சிறு பிணக்கு வந்தது. அவர் உள்ளங்கையால் தடவி, "இதில் மயிரே இல்லையே" என்றார். ஸ்னூக்கர் துணியில் ஒரு திசையில் படிந்த மென்மயிர் இருக்கும். அதை ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து ஒரே பக்கமாகத் துலக்கித் தேய்ப்பது அவர் கைகளுக்குப் பழகிய வேலை. பூலுக்கு மயிரில்லாத, இறுக்கமாக நெய்த கம்பளித் துணி. பந்து விரைந்து ஓடும், எந்தத் திசையிலும் ஒரே மாதிரி. மாமா விட்டுக்கொடுத்தார், நிறத்தை மட்டும் பச்சையாகக் கேட்டு வாங்கினார். மிச்சப் பணத்தில் ஃபீனாலிக் ரெசின் பந்துகள் எடுத்தோம். மலிவான பாலியெஸ்டர் பந்து விரைவில் பழுத்து மஞ்சளாகும், விளிம்பு சிதறும். சிதறிய பந்து துணியையும் கிழிக்கும்.

பொருத்திய நாள்

தவறு நடந்தது அன்றுதான். அது என் கவனக்குறைவு. கால்கள் நிற்கும் இடத்துத் தரை ஓடுகளை முன்கூட்டியே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அடியில் கலவை நிரம்பாத ஓடு தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். நான் பார்க்கவில்லை. ஸ்லேட் மூன்றும் ஏறியதும் தென்மேற்குக் காலின் கீழ் ஓடு குறுக்காக விரிந்தது. ஸ்லேட்டை இறக்கி, ஓட்டைப் பெயர்த்து, கலவை நிரப்பி ஓடு பதித்து, அது இறுகுவதற்காக மூன்று நாள் காத்திருந்தோம். பொருத்துநருக்கு அந்த மூன்று நாள் கூலியை நான் கொடுத்தேன்.

அதற்குள் இன்னொன்று தெரிந்தது. கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகக் கூடத்தின் தரையைப் பால்கனிப் பக்கம் சரித்துப் போட்டிருந்தார் மேஸ்திரி. மேசை நீளத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் சரிவு. கால் திருகாணி அவ்வளவுக்கு நீட்டினால் ஆட்டம் கொடுக்கும். தாழ்ந்த பக்கக் கால்களுக்கு கிரானைட் துண்டுகளை அளவாக அறுத்து வைத்தோம். திருகாணிக்கு நுணுக்கமான வேலை மட்டும் மிஞ்சியது.

பொருத்துநர் ரசமட்டத்தோடு மேசையைச் சுற்றி வந்ததைப் பேத்தி கண்ணெடுக்காமல் பார்த்தாள். முதலில் சட்டம் மட்டம். பிறகு ஒவ்வொரு ஸ்லேட்டும் தனித்தனியாக. பிறகு துண்டுகள் சந்திக்கும் இடம். அங்கே தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டைச் செருகினார். இணைப்பை விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தார், நகம் தட்டவில்லை. தேன்மெழுகை உருக்கி இடுக்கில் விட்டு, ஆறியதும் தகட்டால் சீவினார். அதன் பிறகே துணி. இந்த அரை நாள் வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசக் கூடாது. நல்ல ஸ்லேட்டும் மட்டமில்லாமல் கிடந்தால் மரத்தூள் பலகைதான்.

விளக்குக்கு நடு மின்விசிறி இடைஞ்சலாக நின்றது. போட்டிகளில் மேசை மேல் 520 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறார்கள். வீட்டில் அவ்வளவு துல்லியம் வேண்டாம், ஆனால் வெளிச்சம் நீளவாக்கில் சீராக விழ வேண்டும், பந்துக்கு இரண்டு மூன்று நிழல்கள் விழக் கூடாது. மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் துணியில் ஓடிக்கொண்டே இருக்கும். மின்விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு சுவர் விசிறிகள் மாட்டினோம். நான்கடி எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் படுகையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டோம்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு

தூண் மூலையில் முழு க்யூ இடிக்கிறது. அது முன்பே தெரிந்த குறை. அதற்கென்று 48 அங்குலக் க்யூ ஒன்று தூணிலேயே ஆணியில் தொங்குகிறது. சராசரியாக ஓர் ஆட்டத்தில் ஒரு முறைகூட அதை எடுப்பதில்லை. ஒரு மாதம் கழித்து மட்டம் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தோம். கால்கள் தரையில் அமர்ந்ததில் ஒரு மூலை மயிரிழை இறங்கியிருந்தது, திருகாணியில் சரியானது. மழைக்காலத்தில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்த நாட்களில் துணி ஈரமேறிப் பந்து சோம்பியது. இப்போது ஆட்டம் முடிந்ததும் துலக்கி, உறை போட்டு மூடுகிறார்கள்.

நான் எதிர்பாராத சிக்கல், வீட்டில் ஒரு வளைகாப்பு வந்தபோது எழுந்தது. மாடியில் அவ்வளவு பெரிய மேசை காலியாகக் கிடக்க, பந்திப் பாத்திரங்களை எங்கே வைப்பது என்று உறவினர்கள் கேட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் துணி போயிற்று. சுடுபாத்திரம் பட்டால் இணைப்பிலிருக்கும் மெழுகு இளகும். அக்காவே மறித்து நின்று, முறத்தையும் வளையல் தட்டையும் ஊஞ்சலில் வைக்கச் சொன்னாள். அடுத்த வாரம் தச்சரிடம் மூன்று ப்ளைவுட் பலகைகள் அறுத்து வாங்கி, அடியில் கம்பளம் ஒட்டி மேல்மூடி செய்துகொண்டார்கள்.

சென்ற ஞாயிறு போயிருந்தேன். மாமாவும் பேத்தியும் எட்டுப் பந்து என்ற பூல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் நீளக் குஷனை ஒட்டிய வெள்ளைப் பந்துக்கு முழு க்யூவையும் பின்னால் இழுத்தாள். சுவருக்கும் க்யூவின் அடிமுனைக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தது. மாமா அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.